சொதிப் பக்கம் யாரும் இல்லை

வினோதன் சுவிஸின் ஓல்டன் நகரை விட்டுப் போனது மார்ச் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் கொட்டிய பனி தண்டவாளங்களுக்கு இடையில் கறுத்துக் கிடந்தது. கனடாவில் அவனுக்குக் கல்யாணம் ஒழுங்காகியிருந்தது. பெண் ஸ்காபரோவில் ஒரு பல் மருத்துவ நிலையத்தில் வேலை செய்கிறாள். அங்கேயே இருந்துவிடுவதாக ஏற்பாடு. வழியனுப்ப வந்தவர்கள் இரண்டே பேர்: என் பெரியம்மாவின் மகன் நிருபன் அண்ணா, அவரோடு சும்மா ஒட்டிக்கொண்டு வந்த நான்.

பெட்டிகளை எல்லாம் அண்ணாதான் தூக்கினார். இரண்டு மீற்றருக்கு ஒரு விரல் குறைவான ஆள் அவர். வினோதன் அவருடைய நெஞ்சு மட்டத்துக்குத்தான் வருவான். சூரிச் விமான நிலையத்துக்குப் போகும் ரயில் வந்ததும் வினோதன் படியில் ஏறித் திரும்பினான். அப்போதுதான் இருவருடைய கண்களும் ஒரே உயரத்துக்கு வந்தன.

“மச்சான், சொதிப் பக்கம் இனி ஆரும் இல்லை. மறந்துபோய்த் தட்டிப்போடாதை.”

“போடா. நீ போனா இனி நான் சாம்பார்தான்,” என்றார் அண்ணா.

கதவு மூடியது. ரயில் வளைந்து மறையும்வரை அண்ணா கையைத் தூக்கியபடி நின்றார். அந்தக் கையைத் தூரத்திலிருந்தும் பார்த்திருக்கலாம். பிறகு இருவரும் நிலையத்துக்கு எதிரே கோப்பி குடித்தோம். அவர் இரண்டு தரம் மூக்கைச் சிந்தினார், குளிர் என்றார். இந்த நாளை நான் இவ்வளவு கவனமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இரண்டு மாதங்கள் கழித்து, இப்படியொரு நாள் நடந்ததே அண்ணாவின் தலைக்குள் இல்லாமல் போயிற்று.

மனோகரிப் பெரியம்மாவின் குடும்பத்தில் வேறு யாரும் உயரமில்லை. அண்ணா பதினைந்து வயதில் வளரத் தொடங்கி, எல்லோரும் போதும் என்று சொன்ன பிறகும் வளர்ந்தார். பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்துக்கு இழுத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. கோயில் திருவிழாவில் தோரணம் கட்டக் கூப்பிட்டார்கள், அது சரிவந்தது. கல்யாணப் பேச்சு எடுத்தால் பெண் வீட்டார் படத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நிற்பது கதவா என்று கேட்பார்கள். தமிழ்க் கடைக்குள் குனிந்து நுழையும்போதெல்லாம் கடைக்கார யோகலிங்கம் அண்ணை, “தம்பி, மேலை மழையோ?” என்பார். அண்ணாவும் அதை முதல் தடவை கேட்பவர்போலச் சிரிப்பார்.

அவருடைய வேலை ஓல்டனில் ஒரு முதியோர் இல்லத்தில். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, மருந்து கொடுப்பது. அங்கே வேலை செய்த ஒரு ஆஸ்திரேலியப் பெண், அவர் நாளுக்கு ஒரு தரமாவது கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, இந்தத் தலைக்கு ஒரு வேலை இருக்கிறது என்று தன் காதலன் ஆடும் அணிக்குக் கூட்டிப் போனாள். அப்படித்தான் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு சுவிஸில் பிறந்த அண்ணா, ஆஸ்திரேலியர்களின் உதைபந்தாட்டத்துக்குள் வந்து சேர்ந்தார்.

பந்து நீள்வட்டமானது. உதைக்கலாம், பிடிக்கலாம், முஷ்டியால் குத்திக் கொடுக்கலாம். ஆஸ்திரேலியாவில் பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர் ஆடுவார்கள். எங்களுக்கு அவ்வளவு ஆட்களும் இல்லை, அவ்வளவு பெரிய திடலும் இல்லை. ஒன்பது பேர், சாதாரண உதைபந்து மைதானம். ஆட்டம் தொடங்கும்போதும் ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவர் மைய வட்டத்தில் பந்தை மேலே எறிவார். இரு பக்கத்திலும் ஆகப் பெரிய ஆள் பாய்ந்தெழும்பி, அதைத் தன் ஆள் ஓடிவரும் பக்கம் உள்ளங்கையால் தட்டிவிட வேண்டும். அந்தப் பெரிய ஆளுக்குப் பெயர் ரக்மன். அந்தத் தட்டலை வாங்கிக்கொண்டு ஓடுகிற சின்ன ஆள் எங்கள் அணியில் வினோதன்.

இருவருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. பந்து மேலே போகுமுன் வினோதன் தான் ஓடப்போகும் பக்கத்தைத் தமிழில் கத்துவான். முதலில் வலம், இடம் என்றுதான் கத்தினார்கள். எதிரணி ஒன்றில் தமிழ்ப் பெடியன் ஒருவன் சேர்ந்த பிறகு சாப்பாட்டுக்கு மாறினார்கள். சம்பல் என்றால் முன்னால். புட்டு என்றால் வலப்பக்கம். சொதி என்றால் இடது தோளுக்குப் பின்னால். அந்தப் பெடியன் ஆட்டம் முடிந்து வந்து, உங்களோடு ஆடினால் பசிக்கிறது என்றானாம்.

மூன்றிலும் கடினமானது சொதி. திரும்பிப் பார்க்க நேரமிருக்காது. பின்னால் ஆள் வருகிறான் என்று நம்பித் தட்ட வேண்டும். அண்ணா அதைத் தட்டும்போது கண் பந்தில்கூட இருக்காது, வானத்தில் இருக்கும். பந்து போய் வினோதனின் கைக்குள் உட்காரும். அண்ணா அதற்குப் பிறகு அவசரப்பட மாட்டார். நாலு அடி நடந்து, காற்சட்டையை இழுத்துவிட்டு, அடுத்த தட்டலுக்காக நிற்பார்.

நான் அந்தக் குளிர்காலத்தில்தான் திரும்பியிருந்தேன். இரண்டு வருடம் ஆஸ்திரேலியாவில் பழம் பிடுங்கியும் ஹோட்டல் அறை துடைத்தும் திரிந்துவிட்டு, வாடகைக்கு ஓர் அறை எடுக்கும் எண்ணமும் இல்லாமல், பெரியம்மா வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டிருந்தேன். மெல்பனில் சனிக்கிழமைகளில் இந்த ஆட்டம் பார்த்திருந்தேன் என்று வாய்விட்டதால், அணிக்குத் தண்ணீர்ப் போத்தல் தூக்கிக்கொண்டு ஓடும் வேலை என் தலையில் விழுந்தது.

மெல்பனில் நான் பார்த்த ரக்மன்கள் அண்ணாவைப்போல நிற்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்த வயதானவர்கள் அதைச் சொல்லிச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார்கள். முன்பெல்லாம் ரக்மன் தட்டுவான், பிறகு கோல் பக்கமாகப் போய் மூச்சு வாங்குவான். இப்போது அவனும் நடுத்திடல்காரர்களில் ஒருவன். தட்டின கையோடு கீழே விழுந்த பந்தின்மேல் பாய வேண்டும், பந்து வைத்திருப்பவனைக் கட்டிப் பிடித்து விழுத்த வேண்டும், எழும்பி அடுத்த முனைவரை ஓட வேண்டும். சில அணிகள் உயரத்தையே விட்டுவிட்டு, ஓடக்கூடிய திடமான ஒருவனை வட்டத்துக்குள் அனுப்பின.

வினோதன் போனதற்கு அடுத்த வாரம் எங்கள் அணிக்குப் புதிய பயிற்சியாளர் வந்தார். ரெட்டோ, பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர், நல்ல மனிதர். அவரும் அதே ஆட்டங்களைத் திரையில் பார்த்திருந்தார். தட்டுவது ஒரு வினாடி வேலை, மிச்ச நேரத்துக்கு நீ யார் என்று அண்ணாவிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்டார். அன்றிலிருந்து அண்ணா தட்டிவிட்டு நிற்கக்கூடாது, விழுந்த பந்துக்காக ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழும் குவியலுக்குள் தானும் போக வேண்டும் என்று ஆயிற்று.

அண்ணாவுக்குக் குவியல் பயம். அதை அவர் என்னிடம் மட்டும்தான் சொன்னார்.

“மேலை ஒருத்தரும் இல்லை நிலோ. கீழைதான் சனம்.”

நான் அதைப் பகிடியாக எடுத்துச் சிரித்தேன். பயிற்சியில் கிட்ட நின்று பார்த்தபோதுதான் விளங்கியது. மற்றவர்கள் விழுந்து சுருண்டு உருண்டு எழும்பிவிடுவார்கள். அண்ணா மடங்குவதற்கும் நேரம் எடுக்கும், நிமிர்வதற்கும் நேரம் எடுக்கும். அதற்கிடையில் முழங்கால்களும் முழங்கைகளும் அவர் தலையைச் சுற்றிப் போய்வரும். ஏப்ரலில் ஒரு பயிற்சியின்போது யாரோ ஒருவருடைய தலை அவர் தாடையில் மோதியது. சிரித்துக்கொண்டே எழும்பினார். பிறகு என்னிடம் வந்து தண்ணீர்ப் போத்தல் எங்கே என்று கேட்டார். போத்தல் அவர் கையில் இருந்தது.

மே மாதம் சூரிச்சில் ஆட்டம். காலையிலிருந்து மழை, புல் வழுக்கியது, பந்து யார் கையிலும் நிற்காமல் நிலத்திலேயே கிடந்தது. எல்லாம் குவியல்தான். இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரத்தில், அடியில் கிடந்த அண்ணாவின் காதுக்கு மேலே ஒரு முழங்கால் இடித்தது. சத்தம் எனக்குக் கேட்டது. அவர் உடனே எழும்பிப் பெருவிரலைக் காட்டினார். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். போத்தலை வாங்கிப் பார்த்தார், குடிக்காமல் திருப்பித் தந்தார். ரெட்டோ ஓரத்திலிருந்து சரியா என்று கேட்டதற்குச் சரி என்றார்.

அடுத்து எதிரணி கோல் போட்டது. எல்லோரும் மையத்துக்கு வந்தார்கள். நடுவர் எறிந்தார். அண்ணா எழும்பினார், அவர் அப்படி எழும்பி நான் பார்த்ததில்லை. கண் வானத்தில். பந்தை இடது தோளுக்குப் பின்னால் மெல்லத் தட்டினார், ஒரு குழந்தையின் கையில் கொடுப்பதுபோல. பந்து போன இடத்தில் வெறும் புல்.

எதிரணிக்காரன் ஓடிவந்து எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் கோல் போட்டான். ரெட்டோ தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தார். பழக்கதோஷம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எனக்கு ரயில் நிலையத்தில் வினோதன் சொன்னது நினைவுக்கு வந்து சிரிப்புக்கூட வந்தது. அடுத்த எறிதலிலும் சொதிப் பக்கம்தான் தட்டினார். அதற்கடுத்ததிலும். ரெட்டோ அவரை வெளியே கூப்பிட்டார்.

ஓரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து அண்ணா மைதானத்தை ஒரு கரையிலிருந்து மறுகரைவரை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

“வினோதன் ஏன் இண்டைக்கு இறங்கேல்லை? என்னோடை ஏதும் கோபமோ?”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. நண்பன் தன்மேல் கோபித்துவிட்டானோ என்ற சின்னக் கவலை மட்டும் இருந்தது.

“அண்ணா, வினோதன் கனடாவுக்குப் போயிட்டான்.”

“எப்ப?”

“மார்ச்சிலை. நீங்கள்தானே பெட்டி தூக்கினனீங்கள்.”

அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார், பெட்டி தூக்கிய அடையாளம் அங்கே இருக்குமென்பதுபோல.

திரும்பி வரும் ரயிலில் அவர் யன்னல் ஓரம் உட்கார்ந்தார். ஆராவ் தாண்டியதும், “நான் சாம்பார் எண்டு சொன்னனான், என்ன?” என்றார். ஓம் என்றேன். அதன்பிறகு ஓல்டன் வரும்வரை யன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். போன நினைவு வந்துவிட்டது என்று நான் ஆறுதல்பட்டேன். அவருக்கு ஆறுதல் இல்லை. வராமலே இருந்திருந்தால், போனதே தெரியாமல் இருந்திருக்குமே என்றார்.

டொக்டரிடம் போகலாம் என்று அன்றைக்கே சொன்னேன். போவேன், ஆனால் இப்போது இல்லை என்றார். இல்லத்தில் மருந்து கொடுப்பவர் அவர். தலையில் அடிபட்டு மறதி என்று ஒரு காகிதம் வந்தால், மருந்து அலுமாரிச் சாவியை வாங்கிவிடுவார்கள், பிறகு வேலையையும் வாங்கிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. அம்மாவுக்குச் சொல்லாதே என்றும் கேட்டுக்கொண்டார். ரெட்டோவிடம் ஒவ்வொரு வாரமும் சளி, தடிமன் என்று சொல்லிவிட்டுப் பயிற்சிக்குப் போகாமல் இருந்தார்.

அவர் பயந்தது சாவிக்கு மட்டும் அல்ல. இல்லத்தில் அவர் பார்த்துக்கொள்பவர்களில் ஹெர் அம்ஸ்லர் என்று ஒருவர் இருக்கிறார். அந்த இல்லத்துக்கு அவ்வளவு வயதில்லாதவர், இன்னும் தோள் அகலமானவர். முன்னொரு காலத்தில் பனிக்கட்டி ஹொக்கி ஆடியவர். எத்தனை அடி தலையில் வாங்கினார் என்று அவருக்கும் தெரியாது, அவருடைய மறதிக்கு அதுதான் காரணம் என்று எந்த டொக்டரும் அடித்துச் சொல்லவும் இல்லை. அவர் ஒவ்வொரு காலையும் ஒரே கேள்வியைக் கேட்பார்: பஸ் போய்விட்டதா? வெளியூர் ஆட்டத்துக்கு அணியைக் கூட்டிப்போகும் பஸ். அண்ணா ஒவ்வொரு காலையும் இன்னும் இல்லை என்பார். அம்ஸ்லர் நிம்மதியாகிச் சட்டைக்குள் கையை நுழைப்பார். மே மாதம்வரை இதை அண்ணா வீட்டில் ஒரு வேடிக்கைபோலத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் சின்ன மறதிகளுக்கெல்லாம் நகம் முளைத்தது. யாருக்கும் நடப்பதுதான்: சாவியைக் குளியலறையில் வைப்பது, அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றுவது, யோகலிங்கம் அண்ணைக்கு ஒரே வாரத்தில் ஒரே கதையைச் சொல்வது. முன்பென்றால் சிரித்திருப்போம். இப்போது அண்ணா என்னைப் பார்ப்பார், நான் பெரியம்மாவைப் பார்ப்பேன். வெளிச்சம் தலைக்குள் குத்துகிறது என்று அண்ணா பகலிலும் திரையை இழுத்துவிட்டிருந்தார். பெரியம்மா அதற்குத் தானாக ஒரு காரணம் கண்டுபிடித்து, குசினிக்குள் என்னை மறித்து, “ஆரும் பெட்டை விட்டிட்டுப் போட்டாளோ? உண்மையைச் சொல்லு” என்று கேட்டார். அப்படியொரு பெட்டை இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது.

அண்ணா தனக்குத்தானே ஒரு சோதனை வைத்திருந்தார். ஓல்டனிலிருந்து ஆராவுக்குப் போகும் மெதுவான ரயில் நிற்கும் ஊர்களை வரிசையாகச் சொல்வது. சின்ன வயதில் அந்த ரயிலில்தான் மாமா வீட்டுக்குப் போவார்கள். வேலை முடிந்து வந்ததும் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே என்னிடம் சொல்லிக்காட்டுவார். டுல்லிக்கன், டேனிக்கன், ஷோனன்வெர்ட், ஆராவ். நான் சரி என்று தலையாட்டினால்தான் கை கழுவப் போவார். ஒருநாள் டுல்லிக்கன், ஷோனன்வெர்ட், ஆராவ் என்றார். நான் தலையாட்டாமல் நின்றேன். அவர் திரும்ப அதையே சொன்னார். டேனிக்கன் என்று நான் சொன்னபோது, அவர் அதை நான் புதிதாகக் கட்டிவிட்ட ஊரைப்போலக் கேட்டார்.

அடுத்த நாள் அந்தப் பெயர் வந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து நான் தலையாட்டுமுன் அவர் முகம் என்னிடம் கெஞ்சியது.

ஆகஸ்டில் ஷாஃப்ஹவுசனில் ஒரு போட்டி. ரெட்டோ தொலைபேசியில் கூப்பிட்டார். நீ வந்தால் நீ, வராவிட்டால் லூக்கா வட்டத்துக்குள் நிற்பான் என்றார். லூக்கா சாதாரண உயரமுள்ள பெடியன், நன்றாக ஓடுவான், குவியலுக்குள் மீன்போலப் போய்வருவான். ரெட்டோ மிரட்டவில்லை. இரண்டுமே அவருக்குச் சரிதான். அதுதான் அண்ணாவைத் தாக்கியது.

“உயரத்துக்கு எண்டு எனக்கு இருந்த ஒரே வேலை, நிலோ. லூக்கா பாய்ஞ்சு காட்டினா, பிறகு நான் தோரணம் கட்டத்தான்.”

முதலில் டொக்டர் என்றேன். போட்டி முடியட்டும் என்றார். அப்படியென்றால் நானும் வருவேன், நீங்கள் வட்டத்துக்குள் போனால் அந்த இடத்திலிருந்தே பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுப்பேன் என்று சொன்னேன். எடு என்றார்.

அணியின் சிற்றுந்து அன்று காலை அண்ணாவை முதியோர் இல்லத்தின் வாசலிலிருந்தே ஏற்றிக்கொண்டது. காலை வேலையைப் பாதியில் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கால்கள் முன் ஆசனத்தில் முட்ட, பையை மடியில் வைத்துக்கொண்டார். முன்னால் பெடியங்கள் பாட்டுப் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். அதற்குள்தான் சொன்னார்.

“அம்ஸ்லர் இண்டைக்கும் கேட்டவர், பஸ் போயிட்டுதோ எண்டு. இன்னும் இல்லை எண்டு சொல்ல வாயைத் திறந்தனான். திறந்துபோட்டு யன்னலாலை எட்டிப் பாத்தனான், பஸ் நிக்குதோ எண்டு.”

“எங்கடை பஸ் வாசல்லை வந்து நிண்டதுதானே அண்ணா.”

“இல்லை. நான் தேடினது அம்ஸ்லரின்ரை பஸ்ஸை.”

நான் அவருடைய பெரிய கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் ரைன் ஆற்றைத் தாண்டும்போது அந்தக் கை ஈரமாக இருந்தது.

முதல் ஆட்டம். வெயில் ஏறியிருந்தது. நான் எல்லைக்கோட்டில் போத்தல்களைக் கீழே வைத்துவிட்டு, பெரியம்மாவின் இலக்கத்தை எடுத்து விரலை அதன்மேல் வைத்திருந்தேன். அண்ணா சப்பாத்துக் கயிறை இறுக்கி, வட்டத்துக்குள் போய் நின்றார். எதிரே ஓர் இளம் ஆள், அவ்வளவு உயரமில்லை, ஆனால் தொடைகள் மரத்தண்டுகள்போல. அண்ணா இடது தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஆட்டத்தில் அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. அங்கே யாரும் இல்லை. பிறகு இன்னொரு முறை பார்த்தார்.

நடுவர் எறிந்தார். எதிரி ஓடிவந்து முழங்காலைத் தூக்கிப் பாய்ந்தான்.

அண்ணாவின் கால்கள் புல்லைவிட்டு எழும்பவில்லை. இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு, அவ்வளவு பெரிய உடம்பைச் சுருக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார். எதிரியின் முழங்கால் அவர் தோளை உரசிக்கொண்டு போயிற்று. அவன் தட்டிய பந்தை அவன் ஆட்கள் எடுத்து ஓடினார்கள். எதிரணி வாங்கில் யாரோ சிரித்தார். எங்கள் பக்கத்திலும் ஒருவன் சிரித்தான், அண்ணா ஏதோ பகிடி விடுகிறார் என்று.

அவர் தலையிலிருந்து கையை எடுக்காமலே வட்டத்தைவிட்டு நடந்து வந்தார். ஆட்டம் அவரைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. ரெட்டோவுக்கு முன்னால் வந்து நின்று, சுவிஸ் ஜெர்மனில், மிகவும் ஒழுங்காக, இல்லத்தில் காலை அறிக்கை சொல்வதுபோலச் சொன்னார்: ஏப்ரலில் ஒருமுறை, மே மாதத்தில் ஒருமுறை எனக்குத் தலையில் அடிபட்டது. அதிலிருந்து எனக்குச் சில விஷயங்கள் தவறிப்போகின்றன. என் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தடிமன் என்று சொன்னது பொய்.

ரெட்டோவின் முகத்தில் இரத்தமே இல்லை. அவர் அண்ணாவை வாங்கில் உட்காரவைத்து, அந்த வெயிலிலும் தன் மேற்சட்டையைக் கழற்றி அவர் தோளில் போட்டார். மே மாதம் அந்த அடி பட்டவுடனேயே உன்னை வெளியே எடுத்திருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த எறிதலுக்கு லூக்கா பாய்ந்தான். நான் கைபேசியில் பெரியம்மாவின் இலக்கத்தை அழுத்தினேன். அண்ணா பார்த்தார், தடுக்கவில்லை.

பெரியம்மா அன்று மாலை கதவைத் திறந்து அவரைக் கண்டதும் தோளில் இரண்டு அடி போட்டார். “எட்டினா மண்டையிலை குட்டியிருப்பன்” என்றார். அதன்பிறகு அந்த மண்டையை நினைத்து அழுதார்.

டொக்டர்கள் படம் எடுத்தார்கள், வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள், வரிசையாகச் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். சின்ன இடைவெளியில் மூளை இரண்டு முறை குலுங்கியிருக்கிறது, இனி மூன்றாவது கூடாது என்றார்கள். அநேகமாக எல்லாம் திரும்பி வரும் என்றார் நரம்பியல் டொக்டர். அம்ஸ்லரைப்போல ஆகிவிடுவேனா என்று அண்ணா கேட்டதற்கு, அந்த மனிதருடைய வாழ்க்கை வேறு, உங்களுடையது வேறு என்றார். மாட்டீர்கள் என்று சொல்லவில்லை. அண்ணா அந்த ‘அநேகமாக’வைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

வேலை போகவில்லை. அவரே போய் இல்லத்தின் பொறுப்பாளரிடம் சொன்னார். மருந்துச் சாவியை வாங்கிக்கொண்டார்கள், குளிப்பாட்டும் வேலையை விட்டுவைத்தார்கள், குளிர்காலத்தில் சாவி திரும்பி வந்தது. அம்ஸ்லரின் அறைக்கு மட்டும் வேறு ஆளைப் போடும்படி கேட்டிருந்தார். ஒரு வாரத்துக்குமேல் அவரால் அப்படி இருக்க முடியவில்லை. இன்னும் இல்லை என்று சொல்ல அங்கே வேறு யாருக்கும் பொறுமை இல்லை என்றார்.

அடுத்த பருவத்தில் லூக்காதான் எங்கள் ரக்மன். வட்டத்துக்குள் பாய்கிறான், விழுகிறான், எழும்பி ஓடுகிறான். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அண்ணா நடுவராக நின்றார். ஆஸ்திரேலியாவின் பெரிய லீக்கிலேயே பந்தை நிலத்தில் அடித்து எழுப்பும் வழக்கத்தை விட்டுவிட்டுக் கையால் எறியத் தொடங்கிவிட்டார்களாம். அப்படியென்றால் எறிவதும் இப்போது பெரிய வேலைதான் என்று யோகலிங்கம் அண்ணையிடம் சொல்லிக்கொண்டார். அவர் எறிந்தால் பந்து நூல் பிடித்ததுபோல நேரே போகும். எறிந்த கணமே பின்னால் போய்விடுவார், போகும்போது கைகள் தாமாகத் தலைக்கு ஏறும். எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். யாரும் அதைப்பற்றிப் பேசுவதில்லை.

எனக்கு மறுபடி கால் நிற்கவில்லை. இந்த முறை தாஸ்மேனியாவுக்கு அப்பிள் பிடுங்கப் போனேன். புறப்படும்போது அண்ணா ரயில் நிலையத்துக்கு வந்து பெட்டி தூக்கினார். நான் படியில் ஏறியதும் ஊர்களின் பெயர்களை ஒழுங்காகச் சொல்லிக்காட்டினார், நான் தலையாட்டினேன். பிறகு மாதங்கள் போயின. அவருடைய செய்திகள் சாப்பாடு, வானிலை, பெரியம்மாவின் முழங்கால் வலி என்றே வந்தன. தோட்டத்தில் அறுவடை முடியும் காலத்தில், காலை இடைவேளையில், இது வந்தது:

“நிலோ, வினோதன் மனுசியோடை வந்திருக்கிறான். ஸ்டேஷனுக்கு நான்தான் போனனான். இறங்கி வந்து கட்டிப்பிடிச்சான். நான் அவனைக் கேட்டன், எங்கையடா போயிருந்தனீ, ஏன் ஆட்டத்துக்கு வாறேல்லை எண்டு. அவன்ரை முகம் செத்துப்போச்சு. பெட்டியைக் கீழை வைச்சிட்டான். பகிடிக்குக் கேட்டனான் எண்டு சொன்னன். ரெண்டு தரம் சொன்ன பிறகுதான் நம்பினான். பிறகு எல்லாரும் சிரிச்சம். டுல்லிக்கன், டேனிக்கன், ஷோனன்வெர்ட், ஆராவ். பார், ஒண்டும் விடேல்லை. ஆனா பகிடி எண்டு சொல்ல முன்னம் ஒரு கணம், இவன் எங்கை போயிருந்தவன் எண்டு நான் உண்மையாய்த் தேடினனான். கிடைச்சிட்டுது. அம்மாவுக்குச் சொல்லாதை.”